ஆசை போனால் ஞானமா, ஞானம் வந்தால் ஆசை போகுமா?

ஆசையை முழுக்க விட்ட பிறகுதான் ஆத்ம ஞானம் என்றால் அது யாருக்குமே வாய்க்காதே என்கிறீர்கள். இரண்டு அளவுகளைக் குழப்பிக்கொள்வதால் வரும் சிக்கல் இது.

வேதாந்தம் கேட்கத் தகுதியாக வேண்டியது ஓரளவு வைராக்கியம் (பற்றின்மை) மட்டுமே: ஆசை எழலாம், இழுத்த பக்கமெல்லாம் மனம் ஓடக்கூடாது. ஆசை வேரோடு போவது ஞானத்துக்குப் பிறகே. கீதை 2.59 சொல்வதும் இதுதான்: புலன்களுக்கு இரை கொடுக்காதவனை விட்டு விஷயங்கள் (புலன்கள் நாடும் பொருள்கள்) விலகும், அவற்றின் மேலுள்ள சுவை விலகாது, பரம்பொருளைக் கண்டபின் அந்தச் சுவையும் விலகும்.

ஆத்மாவும் பிரம்மமும் ஒன்றே என்னும் அத்வைதத்தில் காரண வரிசை அவித்யை (தன்னை அறியாமை), அதிலிருந்து காமம் (ஆசை), அதிலிருந்து கர்மம் (செயல்). தன்னை உடல், மனம் அளவுக்குச் சுருக்கிக்கொண்டவனுக்குக் குறை தெரியும். நிரப்பப் பொருளைத் தேடுவான். பிருகதாரண்யக உபநிடதம் 4.4.12 கேட்கிறது: ‘இதுவே நான்’ என்று ஆத்மாவை அறிந்தவன் எதை விரும்பி, யாருக்காக உடலோடு சேர்ந்து தவிப்பான்? விரும்பும் பொருளோடு விரும்புகிறவனும் அங்கே கழிந்துபோகிறான். இந்த ஒரு மந்திரத்தை விரிக்கத்தான் அத்வைத நூலான பஞ்சதசியின் 7ஆம் அத்தியாயம் முழுவதும்.

பலர் சறுக்குவது நிதித்யாசனத்தில், அதாவது அறிந்ததில் ஊன்றி நிற்கும் தியானத்தில். சிரவணம் (கேட்டல்), மனனம் (ஆராய்ந்து தெளிதல்) முடிந்ததும் ‘நான் பிரம்மம்’ என்று உருப்போடுகிறார்கள், அது ஜபம்தான். ஆசை எழும்போது அதை அடக்காமல், பின்தொடராமல், ‘இது எனக்குத் தெரிகிறது, ஆகவே இது நானல்ல’ என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அடக்கினால் ‘அடக்கியவன் நான்’ என்ற புது அகங்காரம் முளைக்கும்.

பசி, தாகம் ஞானிக்கும் உண்டு, அது பிராரப்தம், அதாவது இந்த உடலில் பலன் தரத் தொடங்கிவிட்ட பழவினை. அவை வறுத்த விதை போல: தின்னலாம், முளைக்காது.