காயில்ஓவர் போட்ட காரில் ஏன் இத்தனை குலுக்கல்?

கேள்வி: என் ஸ்விஃப்ட்டுக்கு உயரமும் விறைப்பும் மாற்றக்கூடிய காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த செட்) வாங்கிப் போட்டேன். கடையில் நன்றாகத் தாழ்த்தி, விறைப்பை மாற்றும் நாப்பை அதன் 32 கிளிக்கில் முக்கால்வாசி இறுக்கிக் கொடுத்தார்கள். தினமும் வேலைக்குப் போகும் கார். பள்ளம் வந்தால் முதுகு போகிறது, வேகத்தடையில் அடி உரசுகிறது. கிளிக்கைக் குறைத்தால் போதுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: போதாது. உரசலுக்குக் காரணம் உயரம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இந்தியச் சாலை காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ. நம் தெருக்களில் பல அதைத் தாண்டி நிற்கின்றன. தரைக்கும் காரின் அடிக்கும் நடுவே கம்பெனி தந்த இடைவெளியே சுமார் 16 செ.மீ.தான், அதில் 2 செ.மீ.க்கு மேல் குறைக்காதீர்கள். ரொம்பத் தாழ்த்தினால் ஷாக் அப்சார்பர் அமுங்க இடமில்லாமல் ரப்பர் தடுப்பில் போய் முட்டும். உங்கள் முதுகுக்கு வரும் அடியில் பெரும்பங்கு அதுவாகவே இருக்கலாம்.

வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, இடமும் வலமும் ஒன்றாக்குங்கள். ஸ்விஃப்ட்டின் பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அங்கே ஸ்பிரிங் தட்டைத் திருகித்தான் உயரம் மாறும்.

அப்புறம் கிளிக். டயர் காற்றைக் கம்பெனி அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாப்பை முழுக்க இறுக்கி (முரட்டுத்தனமாக வேண்டாம், உள்ளே ஊசி வால்வு கெடும்), அங்கிருந்து எண்ணியபடியே முழுக்கத் தளர்த்துங்கள். தினமும் போகும் சாலையில் ஓட்டுங்கள். மேட்டில் ஏறி இறங்கியதும் வண்டி ஒரே ஆட்டத்தில் அடங்காமல் மறுபடி ஆடினால், முன்னா பின்னா, எது ஆடுகிறதோ அந்த ஜோடியை மட்டும் இரண்டிரண்டு கிளிக்காக இறுக்குங்கள். ஆட்டம் அடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் கரடுமுரடான சாலையில் டயர் தரையை விட்டுத் துள்ளும், மழையில் பிடிப்புப் போகும். இறுக்கமாக இருந்தால்தான் வண்டி நன்றாகத் திரும்பும் என்று கடையில் சொல்வார்கள். ரோட்டுக்கு அது பொருந்தாது.

உயரம் மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம், இல்லாவிட்டால் முன்டயர் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். ஸ்பிரிங் படிந்ததும் ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள். ஹெட்லைட் கோணத்தையும் சரிபாருங்கள். பாகம் மாற்றியதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு (ஒரு மி.மீ. அமுங்க) எத்தனை கிலோ என்றும், ஆயில் கசிந்தால் இங்கேயே பழுது பார்க்க முடியுமா என்றும் கடைக்காரரிடம் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.