1. பி4: ராஜாவை முதலில் பத்திரப்படுத்துங்கள்

செஸ்ஸில் வெள்ளைக் காய்களோடு பி4 (அதாவது பி வரிசையின் நான்காம் கட்டத்துக்குச் சிப்பாய்), கறுப்பு இ5, பிஷப் பி2 என ஆரம்பித்து, பி4 சிப்பாயைக் கொடுத்து இ5 சிப்பாயை பிஷப்பால் எடுத்த பிறகு, சி3இல் குதிரையை வைத்து டி4 தள்ளித் தோற்றுப்போவதாக எழுதியிருந்தீர்கள். தகராறு அங்கேதான்.

கறுப்பு பிஷப் பி4இல் உட்கார்ந்திருக்கிறது. டி4 தள்ளியதும் உங்கள் சி3 குதிரை ராஜாவுக்கு முன்னால் அசைய முடியாமல் கட்டுப்பட்டுவிடும். அப்புறம் கறுப்பு இ4க்குக் குதிரையைக் கொண்டுவந்தால் சி3 மீது இரட்டை அடி. தோற்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்!

அந்தக் குதிரையை பி1இலேயே விடுங்கள். கறுப்பு எஃப்6க்குக் குதிரையை எடுத்ததும் நீங்கள் சி4, குதிரை எஃப்3, இ3, பிஷப் இ2, உடனே கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம்மாற்றி ராஜாவை ஓரமாகப் பத்திரப்படுத்துவது). நடுவில் சி6க்குக் கறுப்புக் குதிரை வந்து உங்கள் இ5 பிஷப்பைத் தொட்டால் பி2க்குத் திரும்புங்கள். அது நல்ல மூலைவிட்டம்தான். கறுப்பு டி5 தள்ளினால் சி சிப்பாயால் எடுங்கள். அவர் குதிரையால் திருப்பி எடுத்தால் நடுவில் உங்களுக்கு டி, இ என இரண்டு சிப்பாய்கள், அவருக்கு ஒன்றுமில்லை. இந்தத் தொடக்கத்தின் லாபமே அதுதான். டி4 தள்ள அவசரமே வேண்டாம்.

1924இல் நியூயார்க் போட்டியின்போது செஸ் மாஸ்டர் டார்டகோவர் மிருகக்காட்சிசாலையில் உராங்குட்டானைப் பார்த்துவிட்டு வந்து ஆடியதால் இந்தத் தொடக்கத்துக்கு உராங்குட்டான் என்று பெயர். பெயரைப் பார்த்து எதிராளி சிரித்தால் சிரிக்கட்டும்.

பி4ஐ எடுக்காமல் அவர் எஃப்6இல் சிப்பாயை வைத்தால் பி5 தள்ளுங்கள், போதும்.