புதிர்ப்பாதையில் வழி தேடாமல் ஏமாற்றித் தப்பித்த கதாபாத்திரங்கள் யார்? அவர்கள் செய்தது நிஜத்தில் பலிக்குமா?

முதல் இடம் டெடலஸுக்குத்தான். கிரேக்கக் கதையில் கிரீட் மன்னன் மினோஸுக்காக அந்தப் புதிர்ப்பாதையைக் கட்டியவனே அவன். சுற்றுவழியை மூன்று முறை ஏமாற்றினான்: நூலால், இறகால், எறும்பால்.

நூல் யோசனையை மினோஸின் மகள் அரியாட்னியின் பெயரில்தான் சொல்வார்கள். ஆனால் அப்போலோடோரஸ் பெயரில் கிடைக்கும் பழைய கிரேக்கப் புராணத் தொகுப்பில், அவள் டெடலஸைக் கெஞ்சிக் கேட்டுத்தான் அதைத் தெரிந்துகொள்கிறாள். அவள் காதலித்த வீரன் தீசியஸ் நூலை வாசலில் கட்டிவிட்டு உள்ளே போய், அங்கே அடைபட்டிருந்த காளைத்தலை அரக்கன் மினோட்டாரைக் கொன்று, அதையே பிடித்துக்கொண்டு வெளியே வருகிறான்.

இது பலிக்கும். ஆனால் நூல்கண்டு கையோடு போக வேண்டும். கண்டை வாசலில் வைத்துவிட்டு நுனியை இழுத்துப் போனால் பத்துத் திருப்பத்துக்குள் நின்றுவிடும். சுவர் முனையில் ஒரு செங்கோணம் வளைந்தாலே, உராய்வுக் கெழு (உராய்வின் அளவைச் சொல்லும் எண்) 0.3 என்றால், இழுவிசை 1.6 மடங்காகிறது. அடுத்த முனையில் அதற்கு மேல் இன்னொரு 1.6 மடங்கு. பத்து முனையில் 100 மடங்கைத் தாண்டிவிடும்.

எவ்வளவு நூல் வேண்டும்? மொத்தப் பரப்பை, பாதையும் சுவரும் சேர்ந்த அகலத்தால் வகுத்தால் போதும். 8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் அந்த அகலம் 1 மீட்டர் என்றால், எல்லா வழிகளும் சேர்ந்து சுமார் 200 மீட்டர்.

முட்டுச்சந்தில் திரும்பும்போது பலர் தவறு செய்வார்கள். நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டே வாருங்கள். கீழேயே போட்டு வந்தால் அந்த வழியில் இரட்டை இழை கிடக்கும். அங்கே மறுபடி நுழையக் கூடாது. புது வழியில் போய் உங்கள் நூலையே எதிரே கண்டால், வளையத்தில் சுற்றுகிறீர்கள், உடனே வந்த வழியே திரும்புங்கள். வெளியேறும்போது ஒற்றை இழையை மட்டும் பின்தொடர வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் த்ரெமோ சொன்ன முறையின் சாரம் இதுதான். சுவரில் ஒரு கையை வைத்தபடி நடக்கும் முறையைவிட இது உறுதியானது; வெளிச்சுவரோடு ஒட்டாத தனித் தீவாக நடுப்பகுதி இருந்தால் அந்தக் கைமுறை நடுவுக்குக் கொண்டுபோகவே போகாது.

வேடிக்கை என்னவென்றால், கிரீட்டின் பழைய நகரமான க்னோசோஸின் நாணயங்களில் உள்ள ஏழு சுற்று வடிவத்தில் கிளையே கிடையாது, ஒரே வழிதான். அங்கே நூலே தேவைப்படாது.

நூலுக்கு ஒரு பலவீனம் உண்டு: துரத்துபவனுக்கும் அதுவே வழிகாட்டி. 1980-இல் வந்த 'தி ஷைனிங்' படத்தில், கொல்லத் துரத்தும் அப்பாவிடமிருந்து புதர்வேலிப் புதிர்ப்பாதைக்குள் ஓடும்போது, பனியில் பதிந்த காலடிகள்தான் சிறுவன் டேனியின் நூல். அவன் தன் தடங்களிலேயே பின்னோக்கி மிதித்து வந்து, பக்கவாட்டில் ஒதுங்கித் தடத்தைக் கலைக்கிறான். அப்பா ஏமாந்து உள்ளே போக, இவன் பழைய தடங்களைப் பிடித்து வெளியேறுகிறான். இரண்டு முறை மிதித்த தடம் ஆழமாகவும் விளிம்பு கலைந்தும் இருக்கும். வெளிச்சத்தில் நிதானமாகப் பார்ப்பவனிடம் இது செல்லாது.

அபிமன்யுவை இங்கே சேர்க்க முடியாது. வெளியேறும் வழி தெரியாத அவனுக்குப் பின்னால் வரவேண்டிய பாண்டவர்கள்தான் நூல். ஜயத்ரதன் வாசலிலேயே அதை அறுத்துவிட்டான்.

அடுத்தது இறகு: டெடலஸ் சிறகு செய்து மகன் இக்காரஸோடு கிரீட்டிலிருந்து பறந்து தப்புகிறான். இதில் ரோமானியக் கவி ஓவிட் தரும் விவரம் நுட்பமானது: இறகுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நூலாலும் அடியில் மெழுகாலும் பிணைக்கிறான். அதிக விசை தாங்கும் அடிப்பகுதியை மெழுகிடம் விட்டதுதான் பிழை. ஆனால் சூரியனை நெருங்கிப் பறந்ததால் மெழுகு உருகி இக்காரஸ் விழுந்தான் என்ற காரணம் சரியாக வராது. தேன்மெழுகு உருக 62 டிகிரி செல்சியஸாவது வேண்டும். மேலே போகப் போகக் காற்று கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குளிர்கிறது. மெழுகு உருகுவதைவிட விறைத்து வெடிக்கவே வாய்ப்பு அதிகம்.

எனக்கு மிகப் பிடித்தது எறும்பு. தப்பியவனைத் தேடி மினோஸ் ஒரு சுருள் சங்கோடு அலைகிறான்: இதற்குள் நூல் கோர்ப்பவருக்குப் பெரும் பரிசு. சிசிலியில் கோக்கலஸ் மன்னனிடம் ஒளிந்திருந்த டெடலஸ், சங்கில் துளையிட்டு, எறும்பின் உடலில் நூலைக் கட்டி உள்ளே விடுகிறான். இங்கே தீசியஸின் வசதி இல்லை. நூல்கண்டு வெளியே, எறும்பு இழுத்தாக வேண்டும். நான்கு சுற்றுச் சங்கு என்றால் பதினாறு செங்கோணம். ஆகவே பட்டிழை போல மெல்லிய நூலாக இருக்க வேண்டும், வெளிநுனியைப் பிடிக்காமல் தளர்வாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சிறிது பிடித்தாலும் அந்தப் பிடி உள்ளே 1,000 மடங்குக்கு மேல் பெருகி எறும்பை நிறுத்திவிடும்.

கோர்த்த சங்கைக் கையில் வாங்கியதுமே மினோஸ் சொல்லிவிட்டான், டெடலஸ் இந்த வீட்டில்தான் இருக்கிறான் என்று.