வடகம் காயும் மொட்டைமாடி

வணக்கம் சார்,

நான் பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை. வேலை பழைய மகாபலிபுரம் சாலையில் என்பதால் எட்டு வருடமாக மேடவாக்கத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். அப்பா போனபிறகு அம்மாவையும் இங்கேயே கூட்டிவந்துவிட்டேன். அங்கே வாசலைத் திறந்தால் கன்டெய்னர் லாரி, ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் கரி. அம்மாவுக்கு வேறு இளைப்பு. இங்கே வளாகத்துக்குள்ளேயே பூங்கா, நடைபாதை, மரங்கள். இரவில் சத்தமே கிடையாது. இன்ஹேலர் எடுப்பதும் குறைந்திருக்கிறது. ஆனால் ஆறு மாதமாக ஒரே பாட்டு: “என்னைத் தண்டையார்பேட்டையிலயே விட்டுடு.” கோடையில் வடகம் போட மொட்டைமாடிக்குப் போனார். குடியிருப்போர் சங்கத்தில் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என் கணவர், “காத்து, மரமெல்லாம் நம்ம மாதிரி ஆளுங்க பேசற பேச்சு, அவங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல” என்கிறார். ஊர்களையே இதை வைத்து வரிசைப்படுத்துகிறார்களே, சுற்றுச்சூழலுக்கும் மனிதர் நன்றாக இருப்பதற்கும் உண்மையில் சம்பந்தம் உண்டா?

ப., மேடவாக்கம்

அன்புள்ள ப.,

வடகத்திலிருந்தே தொடங்குகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் வாடகை வீட்டில் பதினோரு வருடம் இருந்தோம். பங்குனி, சித்திரையில் என் அம்மாவும் மாடியில் பழைய வேட்டியை விரித்துக் கூழ் ஊற்றுவார். சாயங்காலம் தண்ணீர் தெளித்து உரித்தெடுக்கும்போது எது சீரகம், எது கரி என்று சொல்ல முடியாது. “எல்லாம் சீரகம்தான், பேசாம பொறி” என்பார். தெருவில் ஒருவரும் அதை ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது படிவத்தோடு வந்து “உங்க ஏரியா எப்படிங்க?” என்று கேட்டிருந்தால் மொத்தத் தெருவும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கும்: “பரவாயில்லை.”

இந்தப் பரவாயில்லையைத்தான் உங்கள் கணவர் ‘ஒரு விஷயமே இல்லை’ என்று படிக்கிறார். குப்பைக் கிடங்கு பக்கத்தில் குடிபோனவருக்கு முதல் வாரம் குமட்டும். போகப்போக மூக்கு அந்த வாசனையைத் தெரிவிப்பதையே குறைத்துவிடும். நுரையீரலுக்கு அந்த வசதி கிடையாது. சத்தமும் அப்படித்தான். சாலையோரம் தூங்கிப் பழகியவர் ஹாரனுக்கு எழுந்திருக்க மாட்டார், ஆனால் தூக்கத்திலேயே அவர் இதயத்துடிப்பு ஏறி இறங்குவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று 2000-லேயே விதி போட்டாயிற்று. துறைமுகத்துக்கு டிரெய்லர் போகும் சாலையில் அதை யார் போய் வாசித்துக் காட்டுவது?

உங்கள் அம்மாவின் வாய் ஒன்று சொல்கிறது, இன்ஹேலர் வேறொன்று சொல்கிறது. நான் இரண்டையும் நம்புகிறேன்.

வரிசைப்பட்டியல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மத்திய அரசின் வாழ்வதற்கு எளிதான நகரங்கள் பட்டியலில், 2020-க்கானதில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட ஊர்களில் பெங்களூரு முதலிடம், சென்னை நான்காமிடம். அந்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் மக்களிடமே கேட்டு வாங்கிய அபிப்பிராயம். மக்களைக் கேட்பது நல்லதுதான். ஆனால் நம் பரவாயில்லையும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமே! கைப்பேசியில் காற்றுக்குப் பச்சை நிறம் காட்டுகிறதே, அதிலும் சூட்சுமம் உண்டு. பிஎம் 2.5 என்கிற நுண்துகள் ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் 5 போதும் என்று இறக்கிவிட்டது. தில்லிக்காரர் சென்னைக்கு வந்து ‘ஆகா’ என்று மூச்சிழுப்பார், அதே காற்றில் நார்வேக்காரர் முகக்கவசம் தேடுவார். முன்னால் எங்கே இருந்தோம் என்பதை வைத்துத்தான் மனம் மார்க் போடுகிறது.

தவிர, சென்னை நான்காமிடம் என்றால் எந்தச் சென்னை? மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர். அதை ஒட்டி ஐஐடி வளாகம், அடையாற்றில் தியசாபிகல் சொசைட்டித் தோப்பு. பெரிய மரக்கூட்டமெல்லாம் கூவத்துக்குத் தெற்கே. வடக்கே எண்ணூரில் அனல்மின் நிலையமும் சாம்பல் குளமும், மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், கொடுங்கையூரில் குப்பைமேடு. ஊர் முழுக்க எரியும் விளக்குக்குச் சாம்பல் மட்டும் ஒரு பக்கம் விழுகிறது. தெற்கு ரொம்பச் சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதே வருடம் ஏப்ரலில், அதே சதுப்பில் கொட்டிவைத்த பெருங்குடிக் குப்பை தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அந்த வாரம் நீங்களும் ஜன்னலைச் சாத்தித்தான் வைத்திருப்பீர்கள்.

‘அவங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை’ என்பதை எண்ணூரில் போய்ச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து கழிமுகமெங்கும் படிந்தது. படகும் வலையும் கறுத்து, மீன்பிடிப்பு நின்றது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள், பலர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அப்புறம் மாதக்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்து போராடினார்கள். பழகிப்போனவர்கள் செய்கிற காரியமா இது?

சரி, அப்படியென்றால் அம்மா ஏன் திரும்பிப் போக வேண்டும் என்கிறார்? அங்கே அவர் ஒரு நாளில் எத்தனை பேரிடம் பேசியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் காசிமேட்டிலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மாவிடம் பேரம், பதினொரு மணிக்கு எதிர்வீட்டு வாசற்படி, சாயங்காலம் கோயில். எல்லாம் நடந்து போகிற தூரம். உங்கள் வளாகத்துப் பூங்காவில் நடப்பவர்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வட்டமடிப்பார்கள். சுற்றுச்சூழல் என்றால் காற்று, தண்ணீர், மரம் என்று நாம் எழுதிப் பழகிவிட்டோம் (நானும்தான்). வாசற்படி அதில் வருவதில்லை.

மரத்தைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரி, பித்தப்பை அறுவை முடிந்தவர்கள் 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரம் தெரியும், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது. வெறும் பார்வைக்கே அவ்வளவு. அம்மாவின் அறை ஜன்னல் எந்தப் பக்கம்? பூங்காவைப் பார்த்த அறையில் கணினியை வைத்துவிட்டு அவருக்குக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த அறையைக் கொடுத்திருந்தால், முதலில் அதை மாற்றுங்கள்.

இன்னொன்று. உங்களிடமிருந்து கொஞ்ச தூரத்தில் பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவர்களுக்கு அங்கே 20,000-க்கு மேற்பட்ட வீடுகள். சாக்கடை ஓரத்துக் குடிசையிலிருந்து கான்கிரீட் வீடு. தாளில் பார்த்தால் சுற்றுச்சூழல் மேம்பாடுதான். ஆனால் வீட்டுவேலை, மீன் விற்பு, மூட்டை தூக்குதல் எல்லாம் பழைய இடத்தில். பஸ்ஸிலேயே பாதி நாள் போயிற்று. உங்கள் அம்மாவுக்குப் பிழைப்புக் கவலை இல்லை, அந்த வகையில் அவர் அதிர்ஷ்டசாலி. ஆனால் அவரும் பெயர்த்து நடப்பட்டவர்தான். யாரும் அவரைக் கேட்டுச் செய்யவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது.

இளைப்போடு அவரைத் திரும்ப அங்கேயே குடிவைக்கச் சொல்ல மாட்டேன். மாதம் நாலு நாள் போய் இருந்துவிட்டு வரட்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் மாடிச் சாவியைப் பற்றிப் பேசுங்கள். வாரத்தில் இரண்டு பகல் திறந்துவிட்டால் போதும். இத்தனை வீட்டில் அம்மா வயதில் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள். கூழ் கிண்ட ஒரு ஆள், ஊற்ற ஒரு ஆள், காக்கா ஓட்ட ஒரு ஆள் எப்படியும் வேண்டும். பெருங்குடிப் பக்கம் புகை இல்லாத நாளாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். உரித்தெடுத்ததும் எனக்கும் ஒரு பொட்டலம் அனுப்புங்கள், வெறும் சீரகம் போட்ட வடகம் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டும்.