எத்தில் லினோலியேட் ஊடகத்தில் மிதந்தால்

பி16 செல்களில் (சுண்டெலியின் நிறமிப் புற்றுநோய்ச் செல்கள்) எத்தில் லினோலியேட் என்ற எண்ணெய்ப் பொருளை விட்டும் மெலனின் நிறமி குறையவில்லை, செல்களை வளர்க்கும் திரவமான ஊடகத்தின் மேல் எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பொட்டுகளைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். மேலே மிதப்பது அடியில் ஒட்டியிருக்கும் செல்லுக்குப் போய்ச் சேராது. முதலில் எத்தனாலில் கரைத்து, வெதுவெதுப்பான ஊடகத்தில் துளித்துளியாக விட்டுக் கலக்குங்கள். எத்தனால் மொத்தத்தில் 0.1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். அதே அளவு எத்தனால் மட்டும் விட்ட ஒப்பீட்டுக் கிண்ணமும் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், எத்தில் லினோலியேட் குப்பியை எத்தனை முறை திறந்தீர்கள்? அதன் மூலக்கூறில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டியிருக்கும் கார்பன் காற்றில் சுலபமாக ஆக்சிஜனேற்றம் அடையும். சிக்கு வாடை அடித்தால் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். புதியதைச் சிறு குப்பிகளில் பிரித்து, நைட்ரஜன் நிரப்பி, மைனஸ் 20 டிகிரியில் இருட்டில் வையுங்கள்.

கிண்ணத்துக்குக் கிண்ணம் செல்களின் எண்ணிக்கை மாறும் என்பதால், மெலனின் அளவைப் புரத அளவால் வகுத்துத்தானே பார்த்தீர்கள்?