"லிங்கன் பெண்டிக்ஸ்" என்று விற்கும் பழைய பிரேக் பிளேட் அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1932 ஃபோர்டை ஹாட் ராடாக (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) மாற்ற, ஒரு ஜோடி முன்சக்கர பேக்கிங் பிளேட்டை (பிரேக் பாகங்களைத் தாங்கும் தட்டு) "லிங்கன் பெண்டிக்ஸ்", அதாவது லிங்கன் காரின் பெண்டிக்ஸ் வகை பிரேக், என்று சொல்லி விற்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்பவர் சொல்லும் வருடத்தை ஒதுக்கிவிட்டு, முதலில் ஷூக்களின் (சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுந்தி வண்டியை நிறுத்தும் வளைந்த துண்டுகள்) அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

அடியில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனித்தனி ஆங்கர் பின் (ஷூ முனையைத் தாங்கும் முளை) இருந்தால் அது லாக்ஹீட் வகை. ஃபோர்டு 1939-ல்தான் ஹைட்ராலிக் (திரவ அழுத்த) பிரேக்குக்கு வந்தது; 1948 வரை இந்த அமைப்புதான், 12 அங்குல டிரம், 1¾ அங்குல அகல ஷூ. நல்ல பிரேக்தான், ஆனால் லிங்கன் விலை கொடுக்க வேண்டியதில்லை.

அடியில் இரண்டு ஷூக்களையும் ஸ்டார் வீல் அட்ஜஸ்டர் (பல் சக்கரம் கொண்ட திருகு) இணைத்து, மேலே வீல் சிலிண்டருக்கு (திரவ அழுத்தத்தால் ஷூக்களைத் தள்ளும் பாகம்) மேல் ஒரே ஆங்கர் இருந்தால் அது பெண்டிக்ஸ். சக்கரம் சுழலும் வேகத்தில் முன் ஷூ டிரம்மோடு இழுபட்டு, அட்ஜஸ்டர் வழியாகப் பின் ஷூவைத் தள்ளும். அதனால் மிதி இலகுவாக இருக்கும். லிங்கனுக்கு இவ்வளவு கிராக்கி வந்ததும் இதனால்தான்.

ஏமாறும் இடம் இதற்கு அடுத்ததுதான். 1948-52 ஃபோர்டு எஃப்-1 பிக்கப்பின் முன் பிரேக்கும் பெண்டிக்ஸ்தான், பார்வைக்கு அதே குடும்பம். ஆனால் அது 11 × 2 அங்குலம் (டிரம் விட்டம் × ஷூ அகலம்); 1940-களின் லிங்கன் 12 × 2. டிரம் இல்லாமல் வந்தால் ஷூக்களை பிளேட்டில் மாட்டி, லைனிங்கின் (ஷூ மேலுள்ள உராய்வுப் பட்டை) வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை அளந்து பாருங்கள். லைனிங் தேய்ந்திருந்தால் சற்றுக் குறையும், ஒரு அங்குலம் குறையாது. ஓட்டுவதற்கு மட்டும் என்றால் எஃப்-1 தாராளமாகப் போதும், கிடைப்பதும் சுலபம்.

பாகத்தில் பதித்திருக்கும் எண்ணை அதற்குப் பிறகு பாருங்கள். முன்னொட்டு 91ஏ என்றால் 1939 ஃபோர்டு, 01ஏ என்றால் 1940 ஃபோர்டு, 06ஹெச் என்றால் 1940 லிங்கன் செஃபர். அடிப்படை எண் 2140 மாஸ்டர் சிலிண்டர் (மிதியோடு இணைந்த முதன்மை சிலிண்டர்), 2061 வீல் சிலிண்டர். முன்னொட்டு அந்தப் பாகம் முதலில் வந்த ஆண்டைத்தான் சொல்லும். 91ஏ பாகம் பிந்தைய வண்டியிலும் இருக்கலாம். எண் தெரியவில்லை என்றால் துருவைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். கிரைண்டர் வைத்தால் எண்ணும் சேர்ந்து போய்விடும்.

டிரம்மும் ஏமாற்றும். 1939 ஃபோர்டு டிரம்மில் ஐந்து போல்ட் 10¼ அங்குல வட்டத்தில், "வைட் ஃபைவ்" என்பார்கள். 1940 முதல் 5½ அங்குல வட்டம். உங்கள் வீலுக்கு எது பொருந்தும் என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

லைனிங் மாட்டும்போது பலர் தவறுவது: பெண்டிக்ஸில் குட்டை லைனிங் முன்பக்கம், நீளமானது பின்பக்கம். ஃபோர்டு லாக்ஹீட்டில் இது அப்படியே தலைகீழ், நீளமானதுதான் முன்னால். பல லாக்ஹீட்களில் ஆங்கர் பின்கள் எக்ஸென்ட்ரிக், அதாவது மையம் விலகியவை. அவற்றைத் திருப்பி ஷூவை டிரம் வளைவோடு சமப்படுத்தாமல், மேலே ஷூவை நகர்த்தும் கேமை மட்டும் திருகினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். லாக்ஹீட்டுக்குக் கெட்ட பெயர் வந்ததில் பாதி இந்த வேலையைச் செய்யாமல் விட்டதால்தான். ஸ்டார் வீல் திருகு மரை இடம், வலம் என்று வேறுபடும். கழற்றும்போதே பக்கத்தைக் குறித்து வையுங்கள்.

வீல் சிலிண்டரைத் திறந்து பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குக் குழி இருந்தால் ஹோன் போடுவதில் (உட்சுவரைத் தேய்த்து மெருகேற்றுவது) பயனில்லை. உள்ளே திரவத்தை அடைக்கும் ரப்பர் கப் சீக்கிரம் கிழிந்து திரவம் கசியும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் (உள் உறை) போட்டால் அசல் வார்ப்பு காப்பாற்றப்படும். ஸ்டெப் சிலிண்டர் (இரு முனையிலும் வேறு வேறு விட்டம் உள்ளது) என்றால் இரு முனைக்கும் கப் அளவு வேறு, அளந்தே வாங்குங்கள். பிரேக் திரவக் குழாயில், ¼ அங்குலக் குழாய்க்கு 7/16-24 மரை, 3/16 குழாய்க்கு 3/8-24. மாஸ்டர் சிலிண்டரை நவீனமாக மாற்றினால் டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) ரெசிடுவல் வால்வு, அதாவது குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு, வேண்டும். அது இல்லாவிட்டால் கப் உதடு தளர்ந்து, காற்று உள்ளே போகும்.