நாய்க்கு இனிப்பு தரலாமா?

கேள்வி: எங்கள் நாயின் எடை 8 கிலோ. நாங்கள் பிஸ்கட், கேக் எது சாப்பிட்டாலும் எதிரில் உட்கார்ந்து வாயையே பார்க்கும். மனசு கேட்காமல் ஒரு துண்டு கொடுத்துவிடுகிறோம். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. இனி சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டாகக் கொடுத்தால் நல்லதா?

பதில்: கேட்டது நல்லதாயிற்று. முதலில் அந்த 'சர்க்கரை சேர்க்காத' பாக்கெட்டை எட்டாத உயரத்தில் வையுங்கள். அதில் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு இருக்கலாம். சில லேபிள்களில் 967 என்ற எண்ணாகவும் இருக்கும். நமக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. நாய் சாப்பிட்டாலோ உடம்பில் இன்சுலின் தாறுமாறாகச் சுரந்து, அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்துவிடலாம். நாய் தள்ளாடும், வலிப்பும் வரலாம். அளவு கூடினால் கல்லீரலும் செயலிழக்கலாம். ஒரு கிலோ எடைக்கு 0.1 கிராமே ஆபத்து. உங்கள் நாய்க்கு ஆபத்து வர 1 கிராம்கூடத் தேவையில்லை. சில சூயிங்கம்களில் இரண்டு மூன்று துண்டிலேயே அவ்வளவு இருக்கும்.

அடுத்தது சாக்லேட். அதிலுள்ள தியோப்ரோமின் என்ற பொருளில் பாதியை வெளியேற்றவே நாயின் உடம்புக்குச் சுமார் 17 மணி நேரம் ஆகும். அதுவரை வாந்தி, படபடப்பு, நிலைகொள்ளாத நடை. மில்க் சாக்லேட்டைவிட டார்க் சாக்லேட் பல மடங்கு மோசம். 8 கிலோ நாய்க்கு அது 20, 30 கிராம் போனாலே ஆபத்து. கேக்கில் உலர்திராட்சை இருந்தால் அதுவும் வேண்டாம். சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் பழுதாகிவிடும். எந்த நாய்க்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சாதா இனிப்பு பிஸ்கட் விஷமில்லை, சரி. ஆனால் நொறுக்குத் தீனி, நாளின் மொத்த கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உங்கள் நாய்க்கு அது ஏறக்குறைய 50 கலோரி. ஒரு கிரீம் பிஸ்கட்டோடு கணக்கு முடிந்தது! தினமும் தாண்டினால் எடை ஏறும், பல் கெடும். வெண்ணெய் நிறைந்த கேக் என்றால் கணையமும் வீங்கலாம். கேரட்டோ விதை நீக்கிய ஆப்பிளோ ஒரு துண்டு கொடுத்துப் பாருங்கள். உங்கள் கையிலிருந்து வந்தால் அதற்கு அதுவே பெரிய சந்தோஷம்.

அப்புறம் ஒன்று. தெரியாமல் தின்றுவிட்டால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் புகட்டவே கூடாது, அது தனி ஆபத்து. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பாக்கெட்டின் உறையையும் கையோடு எடுத்துப் போங்கள். எது, எவ்வளவு என்று தெரிந்தால் சிகிச்சையை உடனே தொடங்கிவிடலாம்.